பதினோரு பேருக்கு ஒரே நம்பர்

“வேலையிலேர்ந்து துரத்திட்டான்னு சொல்லாதே, பாக்கியம். அவளாக்கும் இறங்கிப் போனது. ரெண்டும் ஒண்ணில்லை.”

காலை ஆறரை மணிக்கு, பால் பூத்தின் முன்னால், கையில் இரண்டு பாக்கெட்டுடன் நின்று இதை நான் சொல்ல வேண்டியிருந்தது. பாக்கியலக்ஷ்மி என் எதிர்வீட்டுக்காரி. நாற்பது வருஷமாக அவள் என் வாசலைப் பார்க்கிறாள், நான் அவள் வாசலைப் பார்க்கிறேன்.

“நான் என்ன கண்டேன் மன்னி? தெருவிலே சொல்றா. பொன்மணியைச் சாகக் கெடத்தினது உங்காத்து மாட்டுப்பொண்ணோட கம்ப்யூட்டர்னு. அவளே எழுதிக் குடுத்தாளாமே, தப்பு என் பேரிலாக்கும்னு. பண்ணாதவ எழுதுவாளோ?”

“எழுதினா. என்ன எழுதினான்னு நீ வாசிச்சயோ?”

“எனக்கெங்கே இங்கிலீஷ்?”

“எனக்கு ஒரு பாஷையும் வாசிக்கத் தெரியாது. ஆனா அதுலே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

“பெட்டியும் கையுமா இறங்கிப் போனதை என் கண்ணாலே பார்த்தேன்.”

“பார்த்தே இல்லையோ? அப்போ முழுசாச் சொல்லு. அன்னிக்கு வாசல்லே நின்னு உன்னைக் கூப்பிட்டு என்ன சொன்னா அவ?”

பாக்கியம், பால் வியர்க்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். அவள் சொல்லாததை நான் சொல்கிறேன். எனக்குக் கைநாட்டுத்தான். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் எழுதட்டும், ஆனால் ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்.

மாதுரி என் மருமகள். மகன் சங்கர்ராம் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவன். ஆறு மாதம் கடல், மூன்று மாதம் வீடு. பேரன் அபிராம் மங்களூரில் படிக்கிறான். ஆக, வருஷத்தில் பெரும்பாலும் மட்டாஞ்சேரியில் இந்த வீட்டில் நானும் அவளும்தான். எங்களுக்குள் சண்டையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாம்பாரில் வெல்லம் போடுவாள். இருபது வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், இன்னும் போடுகிறாள்.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ரேஷன் கடைக்காரன் தன் கைரேகை மெஷினை ரிப்பேர் பார்க்கச் சொன்னான். பாக்கியம் தன் டிவி ரிமோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு நாள் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருக்கும்போது நேராகவே கேட்டேன், உன் ஜோலிதான் என்ன என்று.

“ஆஸ்பத்திரிக்குள்ளே ஒருத்தர் நுழைஞ்சா எத்தனை கவுண்டர் அம்மா?”

“சீட்டு எழுதறது, டாக்டர், ரத்தம் எடுக்கறது, படம் எடுக்கறது, மருந்து, பில்லு.”

“எல்லாக் கவுண்டரிலும் என்ன கேக்கறா?”

“கேட்டதையே கேக்கறா. பேரென்ன, வயசென்ன, சுகர் உண்டோ, ஆபரேஷன் பண்ணியிருக்கோ.”

“ஒரு தடவை கேட்டா போறும்னு ஆக்கறதாக்கும் என் ஜோலி. எந்தக் கவுண்டருக்கு எது தெரியணும், யாருக்கு எது தெரியப்டாது, எங்கே வெச்சா காணாமப் போகாது, எல்லாம் முன்னாலேயே நான் வரைஞ்சு குடுக்கணும். அதுக்கப்புறமாக்கும் மத்தவா உக்காந்து கம்ப்யூட்டர்லே அடிக்கறது.”

பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டினாள். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் இன்னொன்றுக்குக் கோடு. வீட்டுக்கு வயர் இழுக்கிறவன் போடும் படம் மாதிரி இருந்தது. இதற்கா மாதச் சம்பளம் என்று கேட்டேன். சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பு வரும் அவளுக்கு.

கம்பெனி காக்கநாட்டில். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். வரும்போது தோப்பும்படிப் பாலத்திலேயே முக்கால் மணி நேரம் நிற்கும். வீட்டுக்கு வந்தால் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு செருப்பைக் கழற்றுவாள். மற்றதைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருப்பாள். நான் காபி கொண்டுவந்து பக்கத்தில் வைப்பேன். அதில் ஏடு படிந்து ஆறிப்போகும்வரை அந்த இன்னொரு செருப்பு காலிலேயே இருக்கும். கொரோனாவுக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை என்றார்கள். நல்லதென்று நினைத்தேன். சாப்பாட்டு மேஜை அவளுக்கு ஆபீசானது, நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டேன், அவள் சாப்பிடவே மறந்தாள்.

இனி அந்த ஆஸ்பத்திரி. பெயர் சொல்ல மாட்டேன். தோப்பும்படிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சின்ன ஆஸ்பத்திரிகள் இரண்டை வாங்கினார்கள். மூன்று இடத்திலும் மூன்று விதமான பதிவு. ஒரே ஆளுக்கு மூன்று இடத்தில் மூன்று சீட்டு. எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டும், அதற்கான படத்தை வரைய வேண்டியவள் மாதுரி.

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது போன் நம்பர் கேட்பார்கள். எனக்குப் போன் கிடையாது. மாதுரியின் நம்பரைக் கொடுத்தேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்தப் பத்து எண்ணும் எனக்கு மனப்பாடம். டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதி அவளுடைய போனுக்கு மெசேஜாக வரும், அவள் எனக்குப் படித்துச் சொல்வாள். இது பாக்கியத்துக்குத் தெரிந்தது. அவள் மகன் பெங்களூரில். மெசேஜ் அவனுக்குப் போய் அவன் கூப்பிட்டுச் சொல்வதற்குள் தேதி தாண்டிவிடும். “மாதுவோட நம்பரையே குடு, ஆஸ்பத்திரி ஜோலிக்காரிதானே அவ” என்றேன். அப்புறம் கோடி வீட்டு மாமி. அப்புறம் பொன்மணி. அம்பலத்து நடையில், சன்னதி வாசலில், பூக்கட்டி விற்கிறவள், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகிறது. ஒவ்வொருத்தியாக என்னிடம் கேட்டு அந்த நம்பரை மனப்பாடம் செய்தார்கள். அதைக் கொடுத்தால் டோக்கன் முன்னால் கிடைக்கும் என்று ஒரு பேச்சும் கிளம்பியது. அதைக் கிளப்பியது யாரென்று எனக்குத் தெரியாது. நானாகவும் இருக்கலாம்.

மாதுரி கோபிக்கவில்லை. மெசேஜ் வந்தால் ஜன்னலைத் திறந்து கூப்பிட்டுச் சொல்வாள். “பொன்மணி அக்கா, புதன்கிழமை சுகர் டெஸ்ட், வெறும் வயித்தோட போகணும்.” பொன்மணி பூக்கூடையுடன் நின்று, “காப்பித்தண்ணி குடிக்கலாமாம்மா?” என்பாள். “கூடாது அக்கா.” “அப்பம் புதன்கிழம நான் செத்தேன்” என்று போவாள்.

நாங்கள் இப்படிச் செய்வதைப் பார்த்துத்தான் அவள் அந்தப் படத்தையே வரைந்தாள். ஆள் வேறு, நம்பர் வேறு என்பாள். ஒரு நம்பரில் பத்துப் பேர் இருப்பார்கள், ஒருத்திக்கு நாலு நம்பர் மாறும், அதனால் நம்பரை வைத்து ஆளைத் தீர்மானிக்கக் கூடாது. இரண்டு சீட்டு ஒரே ஆளுடையது போலத் தெரிந்தால் கம்ப்யூட்டர் தானாகச் சேர்க்கக் கூடாது. சந்தேகக் கட்டம் என்று தனியாக ஒன்றில் போட வேண்டும், மனுஷர் பார்த்து, கேட்டு, அப்புறம் சேர்க்க வேண்டும். தப்பாகச் சேர்த்துவிட்டால் பிரிக்கவும் வழி இருக்க வேண்டும். அதோடு, ஒருவருக்கு ஒரு மருந்து சேராது என்று எங்கேயாவது ஒரு தடவை எழுதியிருந்தால், எதை எதோடு சேர்த்தாலும் அந்த வரி அழியவே கூடாது.

அந்த நாட்களில் உற்சாகமாக இருந்தாள். பொன்மணிக்குப் பென்சிலின் ஊசி சேராது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், வாசல் காவல்காரனிடத்தில்கூட, “அந்த ஊசி எனக்கு ஆவாது பாத்துக்கிடுங்க” என்றுதான் ஆரம்பிப்பாள். மாதுரி அவளிடம் சொன்னாள்: “இனிமே எல்லாக் கவுண்டரிலேயும் சொல்லிண்டு நிக்க வேண்டாம் அக்கா. ஒரு தடவை ஏத்திட்டா அது மறக்காது.” பொன்மணிக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. வீட்டுக்காரர் சங்கரலிங்கத்திடம் போய்ச் சொன்னாளாம், நம்ம மாதுரிம்மா கம்ப்யூட்டர்ல எனக்காவ எழுதி வச்சிருக்கு என்று.

அப்புறம் புதிய கம்ப்யூட்டர் பதிவின் திறப்பு விழாவுக்குத் தேதி வைத்தார்கள். மந்திரி வருகிறார், தேதி மாறாது. மாதுரியின் சந்தேகக் கட்டத்தைச் செய்து முடிக்க இன்னும் இரண்டு மாதம் வேண்டும். வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். நம்பர் ஒன்றாக இருந்து, பெண், வயது அறுபதுக்கு மேல் என்றால் ஒரே ஆள், கம்ப்யூட்டர் தானே சேர்த்துக்கொள்ளட்டும். பெயர் வேறாக இருந்தால்? நம் ஊரில் வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, சீட்டில் இருக்கும் பெயர் ஒன்று, எல்லாம் அவளுக்கே உள்ள பெயர்தான் என்றார்கள். இரண்டு சீட்டில் இரண்டு விதமாக இருந்தால் புதியது பழையதை மூடிக்கொள்ளும்.

மாதுரி வேண்டாம் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். மூன்று தடவையும் கூட்டம் போட்டுப் பேசினார்கள். நாலாவது தடவை எழுதவில்லை. அன்று சாயங்காலம் வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். இரண்டு செருப்பையும் கழற்றவில்லை.

“என்னடி?”

“கையெழுத்துப் போட்டுட்டேன் அம்மா.”

“எதுலே?”

“எல்லாம் சரியா இருக்கு, திறக்கலாம்னு.”

“சரியா இருக்கோ?”

“இல்லை.” செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “ஒரேயடியா அலுத்துப் போச்சு அம்மா. ஒரே விஷயத்தை எத்தனை விதத்திலே சொல்லறது.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? போனால் போகிறது, சாப்பிட வா என்றேன். அதைத்தான் சொன்னேன்.

விழா முடிந்து ஐந்தாவது மாதம். பொன்மணியின் காலில் ஒரு மரப்பெட்டியின் ஆணி குத்திப் பழுத்துவிட்டது. வியாழக்கிழமை மத்தியானம் சங்கரலிங்கம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். சீட்டு எழுதும் இடத்தில் மகா என்று ஒரு குட்டி, சுள்ளிக்கல்லில் வீடு, காண்டிராக்ட் வேலை. நம்பர் கேட்டாள். பொன்மணி சொன்னாள். பெயர் கேட்டாள், அதையும் சொன்னாள். கம்ப்யூட்டர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. உள்ளே நர்ஸ், “அம்மச்சி, அலர்ஜி வல்லதும் உண்டோ?” என்று கேட்டாள், சேராதது ஏதாவது உண்டா என்று.

அதற்கு முன்பெல்லாம் முதலில் அதைத்தான் சொல்வாள் பொன்மணி. அன்று பழுத்த காலை நீட்டிக்கொண்டு, “அதெல்லாம் கம்ப்யூட்டர்ல கெடக்கும்மா, பாத்துக்கிடுங்க” என்றாள்.

நர்ஸ் பார்த்தாள். அலர்ஜி ஒன்றுமில்லை என்று இருந்தது. போன மாதம்தான் அதே ஊசியை ஐந்து நாள் போட்டிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்றும் இருந்தது. அதனால் கையில் துளி குத்திப் பார்க்கிறார்களே, அந்தச் சோதனை ஊசிகூடப் போடவில்லை. அந்த ஐந்து நாள் ஊசியும் எனக்குப் போட்டது. நெஞ்சுச் சளிக்கு.

உதடு தடித்து, மூச்சு அடைத்து, கண் சொருகி, நாலு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டாள். பிழைத்துவிட்டாள் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறேன், அந்த நாலு நாளும் சங்கரலிங்கம் எதிரே வந்தால் நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து மாதுரிக்குப் போன் வந்தது. பேசி முடித்துச் சமையலறை வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

“அம்மா, என் நம்பரை யார் யாருக்குக் குடுத்திருக்கேள்?”

விரல் மடக்கினேன். ஒரு கை முடிந்து, இன்னொரு கை முடிந்து, மறுபடி முதல் விரலுக்கு வந்தேன்.

“என்னையும் சேர்த்துப் பதினொண்ணு.”

தலையை ஆட்டினாள். “அஞ்சாறு பேர் இருக்கும்னு நினைச்சேன்.”

ஆஸ்பத்திரியில் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, மறுநாள் எல்லாரையும் கையிலுள்ள பழைய சீட்டுகளோடு எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னாள். பிளாஸ்டிக் கவரில் எக்ஸ்ரே, துணிக்கடைப் பையில் மருந்து அட்டை, ஒருத்தி பழைய சீட்டுகளைச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். மகாவும் வந்தாள், அழுது வீங்கிய கண்ணோடு. மாதுரி மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். உன்னுடையது எது, அவளுடையது எது, கண் ஆபரேஷன் வலதா இடதா.

எங்கள் பதினோரு பேரையும் சேர்த்துக் கம்ப்யூட்டர் ஒரு பெண்ணை உண்டாக்கி வைத்திருந்தது. அவளுக்கு இருபத்தாறு பிரசவம். கர்ப்பப்பையை மூன்று தடவை எடுத்திருக்கிறது. மூன்று முட்டி மாற்றியிருக்கிறது.

“இவ்வளவும் தாங்கிண்டு ஒருத்தி இன்னும் உசிரோட இருக்காளோ?” என்று கோடி வீட்டு மாமி கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். பாக்கியமும் சிரித்தாள். பொன்மணி அப்போது ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாள், அந்த நினைப்பு வந்ததும் ஒவ்வொருத்தியாக நிறுத்திக்கொண்டோம். மாதுரி மட்டும் முதலிலிருந்தே சிரிக்கவில்லை. கடைசியில் பொன்மணியின் பழைய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அதில் சிவப்பு மையில் ஒரு வரி, இரண்டு தடவை அடிக்கோடு. புதிய கம்ப்யூட்டரில் அந்த வரியை என்னுடைய ‘ஒன்றுமில்லை’ மூடியிருந்தது.

பிரிக்க மூன்று நாள் ஆனது. பிரித்துத் தந்துவிட்டாள்.

புதன்கிழமை அவளுடைய மேலதிகாரி அனந்தநாராயணன் வீட்டுக்கு வந்தார். பாலக்காட்டுக்காரர், நம் மனுஷர்தான், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் ஒரு கவர்.

“மாமி, ஒரு சாயா கிடைக்குமோ?”

காபிதான் இருக்கிறது என்றேன். அது போதும் என்று உட்கார்ந்தார். மாதுரியிடம் கவரை நீட்டினார்.

“ரெண்டே பாரா. ஆஸ்பத்திரிக்காரா கேக்கறா. சீட்டு எழுதின எடத்திலே தப்பான நம்பரைப் போட்டுட்டா, அதனாலே வந்த குழப்பம்னு. அடியிலே கையெழுத்து, நீ ஒப்புட்டா போறும்.”

மாதுரி வாசித்தாள். “இது மகாவோட தலையிலே விழும் சார்.”

“அவ காண்டிராக்ட். எப்படியும் மார்ச்லே முடியறது.”

“அவ தப்பான நம்பர் போடலை. பொன்மணி அக்கா சொன்ன நம்பரைப் போட்டா.”

“சொன்னதே தப்பு இல்லையோ? அது உன் நம்பராச்சே.”

நான் காபியை வைத்துவிட்டு நின்றேன். “அந்த நம்பரைச் சொல்லிக் குடுத்தது நானாக்கும். பதினோரு பேருக்கும் நான்தான். எழுதறதானா என் பேரை எழுதுங்கோ. நீலாம்பாள், வயசு எழுபத்திரண்டு. கைநாட்டு வெச்சுத் தரேன்.”

அவர் என்னைப் பார்த்தார், பிறகு காபியைப் பார்த்தார். மாதுரி சொன்னாள்:

“அம்மா, உக்காருங்கோ. உங்க தப்பில்லை. போன் இல்லாதவா அடுத்தாத்து நம்பரைத்தான் குடுப்பா. அது தெரிஞ்சுதானே நான் வரைஞ்சேன்.” அவர் பக்கம் திரும்பினாள். “நான் வரைஞ்சதை எடுத்தேள். மூணு தடவை எழுதினேன். நாலாவது தடவை எழுதலை, ஒப்புட்டேன். தப்பு எங்கேன்னா அங்கேயாக்கும். அதை எழுதித் தரேன், எடுத்தது யாரு, ஒப்புட்டது யாருன்னு. ஒப்புட்டது நான். அடியிலே என் பேரைப் போட்டுத் தரேன்.”

“அப்படி எழுதினா அப்புறம் உன்னை அங்கே வெச்சுண்டிருக்க என்னாலே முடியாது, மாதுரி.”

“தெரியும் சார்.”

“பதினேழு வருஷம். உனக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. ஒரு கையெழுத்து.”

“போன தடவையும் நீங்க இதையேதான் சொன்னேள் சார்.”

அவர் காபியை முழுக்கக் குடித்தார். டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவும் இடத்தில் வைத்தார். திங்கட்கிழமை காலை பதினொன்றுக்குள் எதுவானாலும் தன் மேஜைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, குடையை மறந்து போனார். அது இன்னும் இங்கேதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அவள் எழுதினாள். கப்பலிலிருந்து சங்கர்ராம் கூப்பிட்டான். அவனிடம் எல்லாம் சொன்னாள். அவன், “அம்மா என்ன சொல்றா?” என்று கேட்டானாம். போனை வாங்கி நானே சொன்னேன்: “மகாவை மாட்டி விட்டுட்டு நம்மாத்துலே சாதம் இறங்காது. நீ கப்பலைப் பாரு.”

எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினாள், இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரியாக. இரண்டு பக்கம். அழகாகவெல்லாம் எழுதவில்லை. எந்தத் தேதியில் என்ன சொன்னேன், எந்தத் தேதியில் எதை எடுத்தார்கள், எந்தத் தேதியில் சம்மதித்தேன். பொன்மணியிடம் இனி நீ சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன், படத்தை மாற்றிய பிறகு போய் அதைத் திருப்பிச் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தாள்.

“அது எதுக்குடி? அது ஒருத்தருக்கும் தெரியாதே.”

“பொன்மணி அக்காவுக்குத் தெரியும்.”

சந்தேகக் கட்டத்தை மறுபடி எப்படி வைப்பது, அதைச் செய்யும்வரை சேர்த்த சீட்டுகளை எப்படிப் பிரிப்பது, அது மூன்றாவது பக்கம். அதை யாரும் கேட்கவில்லை. அவளாக எழுதினாள்.

திங்கட்கிழமை. தலைக்குக் குளித்து, பருத்திப் புடவை கட்டிக்கொண்டாள். கம்பெனி கம்ப்யூட்டர், சார்ஜர், கழுத்தில் மாட்டும் அட்டை, அந்தக் காகிதங்கள், எல்லாம், அவளாகவே திருப்பிக் கொடுப்பதற்கு, ஒரு பெட்டிக்குள். பாக்கியம் கண்ணால் பார்த்த பெட்டி அதுதான். இட்லி இரண்டு சாப்பிட்டாள். சாம்பாரில் வெல்லம் நானே போட்டிருந்தேன். அவள் கவனித்தாளா தெரியாது.

வாசல்படியில் உட்கார்ந்து இரண்டு செருப்பையும் மாட்டினாள். முழங்காலில் கையூன்றி எழுந்தாள், என் வயதுக்காரி எழுவது மாதிரி.

“நானும் வரட்டுமோ?”

“எதுக்கு அம்மா? ரெண்டு பஸ் மாறணும். உங்க முட்டி தாங்காது.”

“யார் முட்டி? என்னுதா, அந்த மூணு முட்டிக்காரியோடதா?”

அப்போதுதான் சிரித்தாள். அந்த மாதத்தில் அது ஒன்றுதான்.

தெருவில் பொன்மணி தன் வீட்டு முன்னால் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு பூக்கட்டிக்கொண்டிருந்தாள். மாதுரி அவளெதிரே போய் நின்றாள்.

“அக்கா, நான் அன்னிக்குச் சொன்னதை மறந்துடுங்கோ. எந்தக் கவுண்டர்லேயும் சொல்லுங்கோ. காவல்காரன்கிட்டேயும் சொல்லுங்கோ.”

“சொல்லுதேன்ம்மா. இனிம வாய மூடுவேனா நான்?” என்றாள் பொன்மணி. கட்டிக்கொண்டிருந்த சரத்திலிருந்து ஒரு முழம் கிள்ளி நீட்டினாள். “வச்சிக்கிட்டுப் போ. வெறுந்தலையா போவாத.”

எதிர்வீட்டு வாசலில் பாக்கியம் நின்றிருந்தாள். அவளோடு இன்னும் இரண்டு பேர். குரலை அடக்கிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் மாதுரி திரும்பியதும் நிறுத்தினார்கள். ஒருத்தி ஆகாயத்தைப் பார்த்தாள்.

மாதுரி பூவைச் செருகிக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள். நாலடி வைத்திருப்பாள், பையில் போன் ஒலித்தது. கம்பெனியிலிருந்து என்று நினைத்தேன். அவள் பெட்டியைக் கீழே வைத்து, கண்ணாடியை மாட்டி, போனைத் தூரத்தில் பிடித்து வாசித்தாள். திரும்பி வந்தாள். நேராக எதிர்வீட்டு வாசலுக்கு.

“பாக்கியம் மாமி, உங்களுக்காக்கும். நாளைக்குக் கண் டாக்டர், பத்தரைக்கு. கண்ணிலே மருந்து விடுவா, திரும்பி வரச்சே ஒண்ணும் தெரியாது. தனியாப் போகாதேங்கோ. எங்கம்மாவைக் கூட்டிண்டு போங்கோ.”

பாக்கியம் “ம்” என்றாள்.

மாதுரி போனைப் பையில் போட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்தாள்.